கூரைக்கு எட்டு வயதுதானா? ரசீது இல்லாத வணிகக் கட்டடத்தின் வயதைக் கணிப்பது எப்படி?

மாடிப்படி:
வணக்கம். ஒரு வணிகக் கட்டடத்தை வாங்கும் பேச்சில் இருக்கிறேன். முன்பக்கம் இரண்டு மாடி அலுவலகம், அதை ஒட்டிப் பின்னால் பெரிய கிடங்கு. அலுவலகத்துக்குத் தட்டையான கூரை, மேலே வெள்ளையாக ஏதோ பூசியிருக்கிறார்கள். கிடங்குக்கு இரும்புத் தகடு. அலுவலகக் கூரைமேல் ஆறு பெரிய ஏ.சி. யூனிட்டுகள்.

விற்பவர், "கூரை போட்டு எட்டு வருஷம்தான் ஆச்சு, இன்னும் பதினஞ்சு வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்" என்கிறார். ரசீது கேட்டால் பழைய மேலாளரிடம் இருந்ததாம், அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கட்டடம் 1990களில் கட்டியது என்பது மட்டும் பத்திரத்திலிருந்து தெரிகிறது.

ரசீது இல்லாமல் கூரையின் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஏ.சி., லிஃப்ட், தீயணைப்புக் குழாய்கள் எல்லாவற்றுக்குமே ஒரு மதிப்பீடு வேண்டும். வங்கி கேட்கிறது.

தளம்பார்ப்பவன்:
முடியும். ஆனால் ஒரே எண்ணாக வராது. "இந்த ஆண்டுக்கு முன் இது இருந்திருக்க முடியாது", "இந்த ஆண்டுக்குப் பின் இதைப் போட்டிருக்க முடியாது" என்று இரண்டு பக்கமும் எல்லை கட்டி, நடுவில் உள்ள இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே வரவேண்டும். கூரையின் மேற்பரப்பில் பெரும்பாலும் தேதி இருக்காது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்களில் இருக்கும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளைப் பூச்சு உரிந்த இடத்தில் அடியில் என்ன தெரிகிறது? ஏ.சி. யூனிட்டுகள் உட்கார்ந்திருக்கும் மேடையைச் சுற்றி ஒட்டுப் போட்டிருக்கிறதா? கூரைக்கு ஏறும் வாசல் அருகே சின்னத் தகட்டில் உத்தரவாத எண் ஏதாவது இருக்கிறதா? அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மெம்பிரேன், அதாவது தண்ணீர் இறங்காமல் கூரைமேல் விரிக்கும் தாள், அதைத் தயாரித்த நிறுவனத்திடம் கொடுத்துக் கேட்டால் போட்ட தேதி, பரப்பளவு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதெல்லாம் அவர்கள் பதிவிலேயே இருக்கும்.

குளிர்பதனம்:
மேடம், ஏ.சி.க்கு நான் சொல்றேன். யூனிட்டோட பக்கவாட்டுல அலுமினியத் தகடு ஒண்ணு ஒட்டியிருக்கும். மாடல் எண், வரிசை எண், என்ன கேஸ், எவ்வளவு கிலோன்னு எல்லாம் இருக்கும். சில கம்பெனி தயாரிச்ச மாதம் வருஷத்தை நேராவே அடிச்சிருப்பாங்க. இல்லைன்னா வரிசை எண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கேரியர் யூனிட்டா இருந்தா முதல் நாலு இலக்கத்தைப் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2203ன்னு ஆரம்பிச்சா 2003ஆம் வருஷம் 22ஆவது வாரம். லெனாக்ஸ்ல மூணாவதும் நாலாவதும் வருஷம், அடுத்து வர எழுத்து மாதம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, அதுவும் நடுவுல மாத்திடுவாங்க. அதனால எண்ணை முழுசா படம் எடுத்துக்கிட்டு வாங்க, தகடு வெயில்ல வெளுத்திருந்தா டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, பொறிச்ச எழுத்து தெரியும்.

மேல தகடு போயிருந்தாலும் கவலை இல்லை. உள்ள கம்ப்ரஸர்ல தனித் தகடு இருக்கும். ஆனா கம்ப்ரஸர் மாத்தியிருப்பாங்க, அதோட தேதி யூனிட்டோட தேதியாகாது. கெப்பாசிட்டர்லயும் தேதி இருக்கும், அது அடிக்கடி மாத்துற சாமான், அதை நம்பிடாதீங்க.

ஆவணப்பித்தன்:
குளிர்பதனம் அண்ணே, உள்ளே இருக்கும் குளிரூட்டும் கேஸை வைத்தும் சொல்லலாமே? ஆர்-22 என்றால் 2010க்கு முந்தைய யூனிட் என்று படித்திருக்கிறேன்.

குளிர்பதனம்:
அது நாட்டைப் பொறுத்தது தம்பி. அமெரிக்காவுல 2010 ஜனவரியிலிருந்து ஆர்-22 நிரப்பின புது யூனிட் செய்யக்கூடாதுன்னு சட்டம், 2020ல கேஸ் உற்பத்தியே நின்னுது. ஆனா அங்கயே கேஸ் நிரப்பாம காலியா விற்ற ஆர்-22 யூனிட் 2010க்கு அப்புறமும் வந்திருக்கு. வளரும் நாடுகளுக்கு, ஓசோன் படலத்தைக் காக்கப் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் 2030 வரைக்கும் நேரம் கொடுத்திருக்கு. அதனால ஆர்-22ன்னு பார்த்த உடனே வயசு சொல்ல முடியாது. எதிர்ப்பக்கம் உதவும்: ஆர்-410ஏ சந்தைக்கு வந்ததே 1990களின் நடுவுலதான், அதனால அந்த யூனிட்டுக்கு அதைவிட அதிக வயசு இருக்க முடியாது.

கணக்கர்:
இவ்வளவு துப்பறியும் வேலை எதற்கு? ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி ஆயுள் அட்டவணை இருக்கிறது. கூரைமேல் வைக்கும் பேக்கேஜ் ஏ.சி.க்கு 15 ஆண்டு, அடித்தளத்தில் பொருத்திய பம்புக்கு 20 என்று ஆஷ்ரே (அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம்) அட்டவணையிலேயே உண்டு. கட்டடத்தின் ஆண்டிலிருந்து கணக்குப் போட்டு, எத்தனை முறை மாற்றியிருப்பார்கள் என்று வகுத்தால் இப்போதைய வயது வந்துவிடும். வங்கிக்கு அது போதும்.

தளம்பார்ப்பவன்:
கணக்கர் சார், அட்டவணை சொல்வது பொதுவான ஆயுளை. எதிரில் நிற்கும் யூனிட்டின் பிறந்த தேதி அதில் இல்லை. அந்த ஆஷ்ரே எண்களின் வேரும் 1970களில் எடுத்த கருத்துக்கணிப்பில் இருக்கிறது, அன்றைய இயந்திரமும் இன்றைய இயந்திரமும் ஒன்றல்ல. கட்டடம் கட்டி 30 ஆண்டு, ஏ.சி. ஆயுள் 15, ஆகவே இப்போதுதான் இரண்டாவது தடவை மாற்றியிருப்பார்கள் என்று வகுத்தால், ஒருமுறைகூட மாற்றாமல் இழுத்துக்கொண்டிருக்கும் உரிமையாளரின் யூனிட்டும் புதியதாகிவிடும். முதலில் உண்மையான வயது, அப்புறம் அட்டவணை.

வங்கிக்கான கட்டட நிலை அறிக்கைகளுக்குப் பல இடங்களில் வழிகாட்டியாக வைத்துக்கொள்வது ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் இ-2018. அதிலும் எதிர்பார்க்கும் பயன் ஆயுள் வேறு, மீதமுள்ள பயன் ஆயுள் வேறு. இரண்டாவதைச் சொல்ல வயதோடு நிலைமையையும் பார்த்தாக வேண்டும்.

மாடிப்படி:
நேற்று மேலே ஏறிப் பார்த்தேன். உத்தரவாதத் தகடு எதுவும் இல்லை. வடிகால் வாய் ஒன்றைச் சுற்றி வெள்ளைப் பூச்சு உரிந்திருக்கிறது, அடியில் கறுப்பு ரப்பர் மாதிரி வழவழப்பாக இருக்கிறது. ஏ.சி. ஆறும் கேரியர்தான். நான்கின் எண் 2203, 2203, 2303, 2303 என்று ஆரம்பிக்கிறது. மற்ற இரண்டும் 1512.

அந்த நான்கு யூனிட்டுகளின் மேடையில் கறுப்பு ரப்பர் கீழிருந்து ஒரே வீச்சில் ஏறி யூனிட்டின் அடிவிளிம்புக்குள் போய்விடுகிறது, ஒட்டே தெரியவில்லை. 2012 யூனிட்டுகளைச் சுற்றி மட்டும் சதுரமாக வெட்டி ஒட்டியதுபோல் ஒரு மேடு, வெள்ளைப் பூச்சுக்கு அடியிலும் அது புடைத்துத் தெரிகிறது.

தளம்பார்ப்பவன்:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் மேடம். இதிலேயே விடையின் பாதி வந்துவிட்டது.

2012 யூனிட்டுகளுக்காக மெம்பிரேனை வெட்டி மேடை வைத்து, சுற்றி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வெட்டுவதற்கு மெம்பிரேன் முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். ஆகவே அந்த யூனிட்டுகளைப் பொருத்துவதற்கு முன்னால் போட்டதுதான் இந்தக் கறுப்பு மெம்பிரேன். யூனிட் தயாரித்து சில மாதம் கிடங்கில் கிடந்து பொருத்தியிருக்கலாம், அதைக் கூட்டினாலும் 2012, 2013. எட்டு வயது என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அந்த நான்கு 2003 யூனிட்டுகளின் மேடையில் ஒட்டில்லாமல் மெம்பிரேன் ஏறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். யூனிட்டும் மெம்பிரேனும் ஒரே வேலையில் வந்தன. அல்லது பிற்பாடு யூனிட்டைத் தூக்கி வைத்துவிட்டு மெம்பிரேனைப் போட்டு மறுபடி இறக்கினார்கள். இரண்டாவதானால் மின்கம்பியையும் குழாய்களையும் கழற்றிப் பூட்டிய அடையாளம் இருக்கும்: நீட்டிச் சேர்த்த கம்பி, குழாய்க்குப் புது வளைவு இணைப்பு, மேடை உயரம் கூட்டியது. அதைக் குளிர்பதனம் சொல்லட்டும்.

கறுப்பு ரப்பர் என்றால் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் மெம்பிரேன்தான். அது 1960களிலேயே வந்தது, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1970களில் பரவியது. ஆகவே பொருளை வைத்து மட்டும் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அதன் இணைப்பு பேசும். பழைய இ.பி.டி.எம். தாள்களை நியோப்ரீன் பசையால் ஒட்டினார்கள், பிறகு பியூட்டைல் பசை, அதன் பிறகு இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா. நாடா ஒட்டிய இணைப்பின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தால் சீரான தடிமனில் ஒரு பட்டை தெரியும், பசையில் அந்தச் சீர் இருக்காது. 2003ல் போட்டிருந்தால் நாடாவாக இருக்கும் வாய்ப்பே அதிகம். வெள்ளைக் கூரையே அடியிலிருந்து மேல்வரை ஒரே தெர்மோபிளாஸ்டிக் தாளாக இருந்திருந்தால் வேறு கணக்கு: அந்த வகையில் ஒன்றான டி.பி.ஓ. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில்தான் கூரைக்கு வந்தது.

ஆவணப்பித்தன்:
இனி என் பங்கு. மேடம், செயற்கைக்கோள் படம் பார்த்தீர்களா? கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்க்கலாம். கூரை எந்த இரண்டு படங்களுக்கு நடுவில் நிறம் மாறுகிறதோ அங்கே ஏதோ வேலை நடந்திருக்கிறது. வேலை நடக்கும்போதே எடுத்த படம் சிக்கினால் அதிர்ஷ்டம், பாதி கறுப்பு பாதி வெள்ளை, ஓரத்தில் பொருள் அடுக்கியிருப்பதுகூடத் தெரியும்.

அதில் படங்களுக்கு இடையே இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விழும். அந்த இடைவெளியை அடைக்க சென்டினல்-2. ஐரோப்பிய விண்வெளி முகமையின் செயற்கைக்கோள், முதலாவது 2015ல் ஏவியது, இரண்டாவது 2017ல். 2017லிருந்து இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கின்றன, படம் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர், அதனால் சின்னக் கடைக்கு உதவாது, கிடங்கு அளவுள்ள கூரைக்கு நன்றாகவே உதவும். கறுப்பு வெள்ளையானதை வாரக் கணக்கில் பிடித்துவிடலாம். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் லேண்ட்சாட் 1972லிருந்து இருக்கிறது, 30 மீட்டர் புள்ளி 1982லிருந்து. 30 மீட்டரில் கூரை என்பது நாலைந்து சதுரம்தான், இருந்தாலும் தகடு மாற்றியது போன்ற பெரிய மாற்றம் பளிச்சென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. படத்தில் தெரிவது மேல்தோல் மட்டும்தான். பூச்சு அடித்ததும் கூரையே மாற்றியதும் மேலிருந்து பார்க்க ஒரே வெள்ளைதான்.

கணக்கர்:
அப்படியானால் விற்பவர் சொல்லும் எட்டு ஆண்டு அந்தப் பூச்சின் வயதாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அவர் கணக்குப் புத்தகத்தில் 'கூரை வேலை' என்று ஒரு வரி இருந்திருக்கும்.

மாடிப்படி:
கணக்கர் சார் சொன்னது சரியாக வரும் போலிருக்கிறது. ஆவணப்பித்தன் சொன்னபடி பார்த்தேன். 2017 தொடக்கத்தில் கூரை கறுப்பு, அதே ஆண்டு நடுவில் வெள்ளை. கிடங்குத் தகட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

விற்பவரிடம் கேட்டேன். "பூச்சு அடிச்சா புதுக் கூரைதானே" என்றார்.

தளம்பார்ப்பவன்:
பூச்சு நல்லதுதான். வெயிலைத் திருப்பும், மெம்பிரேன் மேலும் கெடுவதைத் தள்ளிப்போடும். அடியில் இருக்கும் இணைப்புகளுக்கும் வெப்பத்தைத் தடுக்கும் காப்புப் பலகைக்கும் அது வயதைக் குறைக்காது. 14 ஆண்டு ஆன மெம்பிரேன் மேல் பூசினால் அன்றைக்கு அதன் வயது 14தான். பூசும்போதே காப்புப் பலகை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

இப்போது செய்ய வேண்டியது துளையிட்டு மாதிரி எடுப்பது. கூரை ஒப்பந்தக்காரரை வைத்து ஓரிரு இடத்தில் சின்னச் சதுரமாகத் தளம் வரைக்கும் வெட்டி எடுத்து, அடுக்கடுக்காகப் பார்த்துவிட்டு அன்றே மூட வேண்டும். உத்தரவாதம் உயிரோடு இருக்கும் கூரையில் தயாரிப்பு நிறுவனம் அங்கீகரித்த ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், உத்தரவாதம் செத்துப்போகும். உங்கள் விஷயத்தில் பூச்சுக்குத் தனி உத்தரவாதம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விற்பவரின் எழுத்து அனுமதியும் வேண்டும், இன்னும் அது அவர் கூரை.

வெட்டியதும் காப்புப் பலகையின் இரண்டு முகத்தையும் பாருங்கள். பாலிஐசோ என்ற நுரைப் பலகையின் மேலுறையில் தொழிற்சாலைக் குறியீடும் தயாரித்த தேதியும் அச்சடித்திருப்பது வழக்கம், நேரம்கூட இருக்கும். வெயில் படாத இடம் என்பதால் மை அழியாது. கூரைக்குள் தேதி கிடைக்கும் நல்ல இடம் இதுதான், ஆனால் பலர் வெட்டிய துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடுவார்கள். எத்தனை அடுக்குக் கூரை இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். பழைய கூரையைக் கழற்றாமலே மேலே போட்டிருக்கலாம்.

பலகை இளஞ்சிவப்பாக, எளிதில் நொறுங்குவதாக இருந்து, அடியில் இரும்புத் தளம் துருப்பிடித்திருந்தால் கவனம். ஃபீனாலிக் நுரைப் பலகை வட அமெரிக்காவில் 1980களிலிருந்து 1992 வரை விற்பனையானது. நனைந்தால் அமிலம் கசிந்து தளத்தை அரிக்கும். அது இருந்தால் வயது தெரிவதோடு தளத்தின் பலத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

துத்தநாகம்:
கிடங்கை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். வெறும் துத்தநாகம் பூசிய தகடு என்றால் ஒரு வழி உண்டு. பூச்சுத் தடிமன் அளக்கும் கருவியை வைத்து மீதித் துத்தநாகத்தை அளக்கலாம். இசட்-275 என்ற வகுப்பில் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம், பக்கத்துக்கு ஏறத்தாழ 19 முதல் 20 மைக்ரான். ஐ.எஸ்.ஓ. 9223 தரம் சி-3 என்று சொல்லும் நடுத்தர அரிப்புச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் தேயும். எட்டு மைக்ரான் போயிருந்தால்...

கணக்கர்:
...வயது 4 முதல் 11 வரை. மிக்க நன்றி, தெளிவாகிவிட்டது.

துத்தநாகம்:
கிண்டல் புரிகிறது சார். அதே கட்டடத்தில் தேதி தெரிந்த துத்தநாகப் பொருள் ஒன்று இருந்தால் அகலம் குறையும். 2003ல் வைத்த ஏ.சி.யின் குழாய்த் தாங்கி துத்தநாகம் பூசியதாக இருந்தால் அதில் ஆண்டுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து அந்த வேகத்தைத் தகட்டுக்குப் போடலாம். மழை கழுவும் மேல்பக்கத்தை மேல்பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும், தாழ்வாரத்துக்கு அடியில் உப்பும் தூசியும் கழுவப்படாமல் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். வர்ணம் பூசிய தகட்டிலும் அலுமினியம்-துத்தநாகக் கலவைத் தகட்டிலும் இந்தக் கணக்குச் செல்லாது. கலவைத் தகடு என்றால் இன்னொரு எல்லை கிடைக்கும், கால்வல்யூம் என்ற அந்தக் கலவைத் தகடு வணிகத்துக்கு வந்தது 1972ல்.

இதைவிட எளிதானதும் இருக்கிறது. உள்ளே போய்த் தகட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பல ஆலைகள் நிறுவனப் பெயர், தடிமன், பூச்சு வகுப்பு, சில சமயம் தேதியும் தகட்டின் நீளத்துக்கு அச்சடித்துவிடும்.

தளம்பார்ப்பவன்:
ஸ்க்ரூவையும் பாருங்கள். தகட்டில் எல்லா ஸ்க்ரூவும் ஒரே தலை, ஒரே அளவு துரு, வாஷர் ஒரே மாதிரி வெடித்திருந்தால் எல்லாம் ஒரே வயது. ஒரு பகுதியில் மட்டும் பெரிய தலை ஸ்க்ரூ இருந்தால் பழைய துளை தளர்ந்து அதைவிடத் தடிமனானதைப் போட்டிருக்கிறார்கள். அது பழுதுபார்த்த பகுதி, தகடு பழையதே.

கல்நார் சிமென்ட் தகடாக இருந்தால் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. பிரிட்டன் 1999ல் தடைசெய்தது, ஆஸ்திரேலியாவில் 2003 முடிவோடு நின்றது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2005. அந்த இடங்களில் கல்நார்த் தகடு என்றாலே தடைக்கு முந்தையது. தடை இல்லாத நாட்டில் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கம்பிகட்டி:
கான்கிரீட் தளத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே. ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளித்துக் கார்பனேற்ற ஆழம் பார்க்கலாம், அதாவது காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரத்தன்மையைப் போக்கிய ஆழம். உடைத்த புது முகத்தில் தெளித்தால் காரத்தன்மை உள்ள இடம் ஊதாச் சிவப்பாகும், கார்பனேற்றம் ஆன இடம் நிறம் மாறாது. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். 25 ஆண்டில் 20 மில்லிமீட்டர் என்றால் கெழு 4. கம்பி 30 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் அங்கே எட்ட மொத்தம் 56 ஆண்டு.

தளம்பார்ப்பவன்:
அந்தக் கணக்கை வயது தெரிந்த கட்டடத்தில் மீதமுள்ள காலத்துக்குப் போடுவதே முறை. வயது தெரியாத கட்டடத்தில் திருப்பிப் போட்டால் கெழுவை எங்கிருந்து எடுப்பீர்கள்? கலவை, ஈரம், பூச்சு எல்லாம் அதை மாற்றும். இந்த மேடத்துக்குக் கட்டிய பத்தாண்டு தெரியும், அதனால் எதிர்காலம் பார்க்க உதவும்.

கம்பிகட்டி:
ஒத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் சொன்னேன். பின்னால் சேர்த்துக் கட்டிய பகுதி எது என்று பிரிக்கவும் உதவும். ஒரே கலவை என்று சொல்லும் இரண்டு தூணில் ஒன்றில் 6, ஒன்றில் 20 என்றால் யாரோ நடுவில் ஏதோ கட்டியிருக்கிறார்கள்.

மாடிப்படி:
துளை மாதிரி எடுத்தாயிற்று. விற்பவர் ஒப்புக்கொண்டார், பூச்சுக்கு உத்தரவாதம் ஏற்கெனவே முடிந்திருந்தது. மேலிருந்து கீழாக: வெள்ளைப் பூச்சு, கறுப்பு இ.பி.டி.எம்., மஞ்சள் காப்புப் பலகை, அதற்கடியில் சரளை பதித்த பழைய தார்க் கூரை ஒரு அடுக்கு, அப்புறம் இரும்புத் தளம். பலகையின் உறையில் நீல மையில் எண்கள், அதில் 2003 மே தெளிவாக இருக்கிறது. வடிகால் பக்கம் எடுத்த துண்டில் பலகை நனைந்திருந்தது, நடுவில் எடுத்தது காய்ந்திருந்தது. இணைப்பு நாடாதான்.

குளிர்பதனம்:
22ஆவது வாரம்னா மே கடைசி, ஜூன் ஆரம்பம். பலகை மே, யூனிட் மே-ஜூன். ஒரே வேலையில போட்டதுதான். கம்பியை நீட்டின அடையாளம் படத்துல எதுவும் இல்லை, நானும் பார்த்துட்டேன். யூனிட்டைத் தூக்கி இறக்கலை.

தளம்பார்ப்பவன்:
ஆமாம். பலகைத் தேதி ஒரு பக்க எல்லை: மே 2003க்கு முன்னால் இந்தக் கூரை இல்லை. 2012 யூனிட்டின் ஒட்டு மறுபக்க எல்லை. நான்கு யூனிட்டின் ஒட்டில்லாத மேடை நடுவில் 2003ஐக் காட்டுகிறது. மூன்று சாட்சியும் தனித்தனியாக வந்தவை, ஒன்றை ஒன்று பார்த்துச் சொன்னவை அல்ல. அதனால் 2003 நடுப்பகுதி முதல் பின்பகுதி என்று துணிந்து எழுதலாம். அடியில் இருக்கும் தார்க் கூரை கட்டடம் கட்டியபோது போட்டதாக இருக்கும், அதை "கணிப்பு" என்றே குறிப்பிடுங்கள், அதற்குச் சாட்சி இல்லை.

இன்னொன்று முக்கியம். இரண்டு அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பல கட்டட விதிகள் மூன்றாவது அடுக்கை அனுமதிப்பதில்லை, நனைந்த பலகை மேல் புது அடுக்குப் போடவும் விடாது. அடுத்த முறை இரண்டையும் கழற்றி அள்ளிப் போட்டாக வேண்டும். வயதைவிட இதுதான் செலவை நிர்ணயிக்கும். சூரியன் மறைந்த பிறகு அகச்சிவப்புக் கேமரா வைத்து முழுக் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த பலகை பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், சுற்றியுள்ள இடம் ஆறியபிறகும் அங்கே பளிச்சென்று தெரியும். ஈரம் வடிகால் பக்கம் மட்டுமா, பரவியிருக்கிறதா என்பது அதில் புரிந்துவிடும்.

கணக்கர்:
அப்படியானால் அறிக்கையில் கூரையின் வயது 22 என்று எழுதுவதா? பூச்சைக் கணக்கில் எடுத்தால் செயல்வயது, அதாவது நிலைமையை வைத்துக் கணிக்கும் வயது, குறைவாகத்தானே வரும்?

தளம்பார்ப்பவன்:
இரண்டையும் எழுதுங்கள், கலக்காதீர்கள். "மெம்பிரேன் 2003, ஆதாரம் காப்புப் பலகை அச்சும் யூனிட் எண்ணும். மேற்பூச்சு 2017, ஆதாரம் செயற்கைக்கோள் படம். வடிகால் அருகே ஈரம் உறுதி, பரப்பு இன்னும் தெரியவில்லை." செயல்வயது என்பது மதிப்பீட்டாளரின் தீர்ப்பு. பூச்சுக்காக அதைக் குறைப்பவர் நனைந்த பலகைக்காகக் கூட்டவும் வேண்டும்.

மாடிப்படி:
நன்றி சார். மீதியைக் கேட்டு முடித்துவிடுகிறேன். லிஃப்ட், தீயணைப்பு, மின்சாரம், ஜன்னல்.

ஆவணப்பித்தன்:
தீயணைப்பு சுலபம். ஸ்பிரிங்க்ளர் தலையிலேயே தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும், தொலைநோக்கியில் அல்லது பெரிதாக்கிய படத்தில் தெரியும். சாதாரண வேகத்தில் திறக்கும் வகைத் தலைகளைப் பொருத்தி 50 ஆண்டு ஆனால் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 25 விதி. உங்களுடையது அந்த வகையாக இருந்து 1990களில் பொருத்தியது என்றால் அந்த வேளை இன்னும் வரவில்லை. மூலையில் ஒன்றிரண்டு வேறு ஆண்டு இருந்தால் உள்ளே சுவர் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், எப்போது என்பதும் அதிலேயே.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் விளிம்பில் ஓடும் அலுமினியப் பட்டையைப் பாருங்கள், பலவற்றில் மாதமும் ஆண்டும் இருக்கும். கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்பக்கம் பார்த்தால் பீங்கானில் தேதி பதிந்திருக்கும். வார்ப்பு பிளாஸ்டிக் எதுவானாலும், குழாய்ப்பெட்டி, காற்றுக் குழல் மூடி, வடிகால் சல்லடை, பின்பக்கம் திருப்பினால் சின்ன வட்டம், நடுவில் அம்பு, சுற்றி 1 முதல் 12. அம்பு காட்டுவது மாதம், வட்டத்தின் நடுவில் ஆண்டின் கடைசி இலக்கங்கள். வார்த்த அச்சில் போட்ட தேதி. இது தெரிந்தபிறகு நான் எந்த நாற்காலியையும் திருப்பாமல் உட்கார்வதில்லை.

மின்கம்பியின் நிறமும் சில நாட்டில் கடிகாரம். பிரிட்டனில் சிவப்பு, கறுப்பு போய்ப் பழுப்பு, நீலம் வந்தது 2004ல், 2006 மார்ச்சுக்குப் பிறகு கட்டாயம்.

குளிர்பதனம்:
லிஃப்ட்ல ஒரு விஷயம் கவனிங்க மேடம். கூண்டுக்குள்ள இருக்கிற தகட்டுல போட்ட வருஷம் கூண்டுக்குரியது. மேல மெஷின் ரூம்ல கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தா சர்க்யூட் போர்டுல வேற வருஷம் இருக்கும். பெட்டியை நடுவுல மாத்தியிருப்பாங்க. பழுது வந்தா உதிரி கிடைக்குமான்னு தீர்மானிக்கிறது அந்தப் போர்டோட வயசுதான், அதனால ரெண்டையும் தனித்தனி வரியா எழுதுங்க. பெட்டியை நீங்களே திறக்காதீங்க, பராமரிப்பு ஆள் வரும்போது அவரைத் திறக்கச் சொல்லிப் படம் எடுங்க.

மாடிப்படி:
பராமரிப்பு ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார். கிடங்குத் தகட்டின் அடிப்பக்கத்தையும் அன்றைக்கே பார்க்கிறேன், அங்கே போக ஏணி வேண்டும்.

துத்தநாகம்:
ஏணியோடு ஒரு கண்ணாடியும் எடுத்துப் போங்கள். மேற்சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில்தான் அச்சு மறைந்திருக்கும்.